செப்டம்பர் கடைசி முதல் ஹாலோவீன் வரை: ஒன்டாரியோ இலையுதிர் காலத்தை வீட்டோடு அனுபவிக்க முழு வழிகாட்டி

கனடாவுக்குப் புதிதாக வந்த நம்மவர்களில் பலர் இலையுதிர் காலத்தை ஹாலோவீன் என்ற ஒரே நாளாகத்தான், அதாவது பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகும் அக்டோபர் 31 இரவாகத்தான், பார்க்கிறார்கள். அக்டோபர் 29 வாக்கில் கடைக்குப் போய் மிச்சமிருக்கும் பூசணி ஒன்றையும் மிட்டாய்ப் பை ஒன்றையும் வாங்கி வருகிறார்கள். 31 இரவோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. இந்தப் பருவத்தின் சுகமோ அதற்கு முந்தைய ஐந்து வாரங்களில் பரவிக் கிடக்கிறது. பனி விழுந்த பிறகு ஐந்து மாதம் வீட்டுக்குள்தான் இருக்கப் போகிறோம். அதற்கு முன்னால் கிடைக்கிற இந்த வாரங்களைக் கைநிறைய எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் பிடிவாதமான எண்ணம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் இலை, அடுத்து ஆப்பிள், பொழுது சுருங்கச் சுருங்கக் கம்பளி நூலும் கதைப் புத்தகமும், கடைசி வாரத்தில் பூசணியும் இனிப்பும். இதை மாற்றினால் காரியம் கெடும். அக்டோபர் கடைசியில் இலை பொறுக்கப் போனால் பழுப்புச் சருகுதான் கிடைக்கும். அக்டோபர் முதல் வாரத்திலேயே பூசணியைச் செதுக்கினால் ஹாலோவீனுக்குள் அழுகிவிடும். ஆகவே நாள்காட்டியை ஒட்டியே சொல்கிறேன்.

செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதி: இலை

இலை நிறம் மாறுவதைப் புரிந்துகொண்டால் எந்த நாளில் வெளியே போவது என்பது தானாகத் தெரிந்துவிடும். கோடை முழுக்க இலையில் பச்சையம் நிறைந்திருக்கும். பகல் குறையத் தொடங்கியதும் மரம் புதுப் பச்சையம் செய்வதை நிறுத்துகிறது, இருப்பதும் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சளும் ஆரஞ்சும் அப்போது வெளிவருகின்றன. பிர்ச் மரத்தின் மஞ்சள் அப்படி வருவதுதான். சிவப்பின் கதை வேறு. அந்த நிறமியை மேப்பிள் இலை அந்தச் சமயத்தில்தான் புதிதாகத் தயாரிக்கிறது. இலைக்காம்பின் அடியில் ஓர் அடைப்புத் திசு வளர, சர்க்கரை வெளியேற முடியாமல் இலையிலேயே தங்குகிறது. அந்தச் சர்க்கரையிலிருந்து சிவப்பு பிறக்கிறது. நல்ல வெயில் அடிக்கும் பகலும், உறைபனி இல்லாத குளிர்ந்த இரவும் தொடர்ந்து சில நாள் அமைந்தால் சிவப்பு கொழுந்துவிட்டு எரியும். மழையும் மூட்டமுமாக இருந்தால் மங்கிப்போகும்.

1893ல் உருவான அல்காங்குவின் பூங்காவில் சர்க்கரை மேப்பிள்கள் பெரும்பாலும் செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் முதல் வாரத்துக்குள் உச்சம் தொடும். டொராண்டோ பக்கம் அதற்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து. ஒன்டாரியோ பூங்காக்கள் அமைப்பு எந்தப் பூங்காவில் நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அறிக்கை வெளியிடும், அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அல்காங்குவினுக்கு வார இறுதியில் போவதென்றால் வண்டிக்கான நுழைவுச் சீட்டை முன்பே பதிவு செய்வது கட்டாயம் போலத்தான். நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் மூன்று மணி நேரம் ஓட்டிப் போய் வாசலோடு திரும்ப நேரிடும்.

ஒரு விஷயம்: மாகாணப் பூங்காக்களிலிருந்து இலை, விதை, செடி எதையும் எடுத்து வரக் கூடாது. அங்கே கண்ணால் பாருங்கள், படம் எடுங்கள். கைவேலைக்கான இலையை உங்கள் முற்றத்திலும் தெருவோரத்திலும் பொறுக்கிக்கொள்ளலாம். சிவப்பில் மயங்கி எதையும் பறித்துவிடாதீர்கள். பாய்சன் ஐவி என்ற கொடியும் இந்தப் பருவத்தில் அழகாகச் சிவக்கும். ஒரே காம்பில் மூன்று இலை சேர்ந்திருந்து, நடு இலையின் காம்பு மட்டும் நீண்டிருந்தால் தொடாதீர்கள். தோல் கொப்பளித்து வாரக்கணக்கில் அரிக்கும். காய்ந்த கொடிக்கும் அந்த எண்ணெய்ப் பிசுக்கு உண்டு.

இலையைப் பதப்படுத்தும் முறைகளில் எனக்குப் பிடித்தது தேன்மெழுகில் முக்குவது. நிறமும் மினுமினுப்பும் மாதக்கணக்கில் நிற்கும், அறையில் இலேசாகத் தேன் வாசமும் வரும்.

பனித்துளி காய்ந்த பிறகு, முற்பகலில், இன்னும் வளைகிற இலைகளாகப் பார்த்துக் காம்போடு எடுங்கள். நொறுங்குகிற இலை உதவாது. செய்தித்தாள் மடிப்புகளுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரண்டு மூன்று நாள் வையுங்கள். அதற்குமேல் காய்ந்தால் முக்கும்போது உடையும். பிறகு பழைய தகர டப்பா ஒன்றில் தேன்மெழுகைப் போட்டு, அந்த டப்பாவைக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நேரடி அடுப்பில் ஒருபோதும் வைக்காதீர்கள், அளவு மீறிச் சூடானால் தீப்பிடிக்கும். உருகியதும் காம்பைப் பிடித்து இலையை ஒரே முக்கில் முக்கி எடுத்து, சொட்டு நிற்கும்வரை மேலே பிடித்திருந்து, பேக்கிங் தாளில் படுக்க வையுங்கள். மெழுகு திட்டுத்திட்டாகப் படிந்தால் சூடு போதவில்லை என்று அர்த்தம், கொஞ்சம் பொறுத்து மறுபடி முக்குங்கள்.

ஆறியதும் நூலில் கோத்துச் சன்னலுக்குத் தோரணம் கட்டலாம். நவராத்திரி பெரும்பாலும் இதே வாரங்களில்தான் வரும். கொலுப் படிக்குப் பக்கத்தில் மேப்பிள் இலைத் தோரணம் அவ்வளவு பொருத்தமாக இருக்கும். நேர் வெயில் மட்டும் படாமல் பாருங்கள். மஞ்சள் இலை சீக்கிரம் பழுப்பேறும், சிவப்புதான் நீண்ட நாள் தாங்கும்.

ஓக் மரக் கொட்டைகளையும் சேகரிக்கலாம். ஆனால் பலவற்றுக்குள் வண்டின் புழு இருக்கும். 175 டிகிரி பாரன்ஹீட் ஓவனில், கதவைச் சற்றே திறந்து வைத்து இரண்டு மணி நேரம் உலர்த்திவிட்டால் அலங்காரத்துக்குக் கவலையில்லை.

அக்டோபர் நடுப்பகுதி: ஆப்பிள்

கனடாவில் நன்றி நவிலல் நாள் அக்டோபரின் இரண்டாவது திங்கட்கிழமை. அந்த நீண்ட வார இறுதியில் ஆப்பிள் தோட்டங்களில் கூட்டம் தாங்காது. முடிந்தால் அதற்கு முந்தைய வாரத்தில், வார நாளில் போய்விடுங்கள். பழத்தை இழுத்துப் பறிக்காமல், உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கித் தூக்கிச் சற்றே திருகினால் காம்போடு வந்துவிடும். காம்போடு வந்த பழம்தான் நீண்ட நாள் இருக்கும்.

எந்த ஆப்பிள் எதற்கு என்று தெரிந்து பறிப்பது முக்கியம். மெக்கின்டாஷ் இந்த மண்ணின் பிள்ளை. 1811 வாக்கில் கிழக்கு ஒன்டாரியோவின் டன்டெலாவில் ஜான் மெக்கின்டாஷ் தன் நிலத்தில் கண்டெடுத்த நாற்றுகளிலிருந்து வந்தது. சாறும் மணமும் நிறைந்தது, வேகவைத்தால் குழைந்துவிடும். எனவே மசியலுக்கு நல்லது, பை (pie) என்ற, மாவுக்குள் பழம் வைத்துச் சுடும் பலகாரத்துக்கு அதை மட்டும் தனியாகப் போடக் கூடாது. பைக்கும், மேலே மாவுத் தூவலிட்டுச் சுடும் கிரிஸ்ப்புக்கும் உருக்குலையாத நார்தன் ஸ்பை வேண்டும், அது அக்டோபர் நடுவில்தான் பழுக்கும். வெறுமே கடித்துத் தின்ன ஹனிகிரிஸ்ப். வெட்டி வைத்தாலும் சீக்கிரம் கறுக்காதது கார்ட்லாண்ட்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய மிக எளியது ஆப்பிள் கிரிஸ்ப். பை மாவு பிசைந்து தேய்க்கும் சிரமம் இல்லை. ஒரு கிலோ ஆப்பிளைத் தோல் சீவித் துண்டாக்கி, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும் பாதி எலுமிச்சைச் சாறும் கலந்து தட்டில் பரப்புங்கள். ஒரு கப் ரோல்டு ஓட்ஸ், முக்கால் கப் மைதா, முக்கால் கப் பிரவுன் சுகர், ஒரு தேக்கரண்டி பட்டைத் தூள், ஒரு சிட்டிகை உப்பு இவற்றோடு அரை கப் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்து, பிட்டுக்கு மாவு பிசிறுவதுபோல் பிசிறி மேலே தூவுங்கள். 350 டிகிரி பாரன்ஹீட்டில் 40 முதல் 45 நிமிடம். ஓரங்களில் சாறு குமிழியிட வேண்டும், அதுதான் பதம்.

தோட்டத்திலேயே பிழிந்து விற்கும் ஆப்பிள் சைடரையும் இரண்டு லிட்டர் வாங்கி வாருங்கள். இங்கே சைடர் என்றால் வடிகட்டாத கலங்கல் சாறு, மது இல்லை. அதில் மூன்று பட்டைத் துண்டு, ஆறு கிராம்பு, ஒரு ஆரஞ்சுத் தோல், தட்டிய இஞ்சி ஒரு துண்டு போட்டுக் குறைந்த தீயில் அரை மணி நேரம் வைத்தால் வீடே மணக்கும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில், பாஸ்டரைஸ் செய்த, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்கிய சைடர்தானா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைகளில் பம்ப்கின் ஸ்பைஸ் என்று சிறு குப்பியில் விற்பதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அதில் பூசணி ஒரு துளிகூட இல்லை. பட்டைத் தூள் மூன்று மேசைக்கரண்டி, சுக்குப் பொடியும் ஜாதிக்காய்த் தூளும் இரண்டிரண்டு தேக்கரண்டி, கிராம்புத் தூளும் ஆல்ஸ்பைஸ் தூளும் ஒவ்வொன்றும் ஒன்றரைத் தேக்கரண்டி. ஆல்ஸ்பைஸ் தவிர மற்றதெல்லாம் நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருப்பவைதான். காபியிலும் போடலாம், கேக்கிலும் போடலாம்.

பொழுது சுருங்கும்போது: நூலும் புத்தகமும்

செப்டம்பர் 22 வாக்கில் டொராண்டோவில் மாலை ஏழே கால் மணிக்குச் சூரியன் மறையும். ஹாலோவீன் அன்று ஆறு பத்துக்கெல்லாம் மறைந்துவிடும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் நகர்த்தியதும் ஐந்து மணிக்கே இருட்டு. இந்த மாற்றம் புதிதாக வந்தவர்களின் மனத்தை உண்மையாகவே அழுத்தும். மாலையில் கைக்கு ஒரு வேலையும் காதுக்கு ஒரு கதையும் இருந்தால் அந்த அழுத்தம் வெகுவாகக் குறைவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட மனம் வருவதில்லை.

கைவேலைக்குக் கம்பளிக் கழுத்துத்துணி. இதுவரை பின்னியதே இல்லை என்றாலும் சரி. நடுத்தரத் தடிமன் நூல், அதாவது உறையில் 4 என்று எண் போட்டது, 100 கிராம் உருண்டை இரண்டு வாங்குங்கள். 5 மில்லிமீட்டர் ஊசி ஒரு ஜோடி, மூங்கிலில் இருந்தால் கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையம், வழுக்காது. வெளிர் நிறத்தில் எடுங்கள், கறுப்பு நூலில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது. முப்பது கண்ணி ஏற்றி, எல்லா வரியையும் ஒரே நேர்ப்பின்னலாக (knit stitch) போட்டுக்கொண்டே போனால் ஓரம் சுருளாத, மெத்தென்ற துணி வரும். ஒவ்வொரு வரி முடிவிலும் முப்பது இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதுதான் தொடக்கக்காரர் செய்ய வேண்டிய ஒரே கவனம். அக்டோபர் தொடக்கத்தில் ஆரம்பித்தால் முதல் கடும் குளிருக்குள் கழுத்தில் இருக்கும்.

இனிப் புத்தகம். பருவத்துக்கேற்ற வாசிப்பு என்றால் பேய்க்கதை மட்டும்தான் என்று இல்லை. ஆனால் காற்று சன்னலைத் தட்டும் இரவில் பேய்க்கதைக்கு உள்ள சுவை வேறெதற்கும் இல்லை. எப்படிப் படிப்பது என்பதையும் யோசியுங்கள். என் யோசனை: ஒரு நீண்ட நாவலைத் தனியாக, சில சிறுகதைகளைக் குடும்பத்தோடு உரக்க.

நீண்ட வாசிப்புக்கு பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா. 1897ல் வந்த இந்த நாவல் முழுக்க நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் துணுக்குகள். ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு. கதை மே 3 அன்று தொடங்கி நவம்பர் 6 அன்று முடிவுக்கு வருகிறது. எனவே செப்டம்பர் முடியும்வரை உள்ள குறிப்புகளை முன்பே படித்து வைத்துவிட்டு, அக்டோபர் முதல் தேதியிலிருந்து அந்தந்த நாளின் குறிப்பை அந்தந்த இரவில் படியுங்கள். அக்டோபர் முதல் வாரத்தில் கதை மூச்சுமுட்ட ஓடும், நடுவில் சற்று ஓயும், கடைசி நாட்களில் துரத்தல் உச்சத்துக்குப் போகும். ஹாலோவீனுக்குப் பிறகும் ஒரு வாரம் அது உங்களை விடாது. கையில் இருக்கும் புத்தகமும் சுவரில் இருக்கும் நாள்காட்டியும் ஒரே தேதியைக் காட்டும்போது வருகிற சிலிர்ப்பை ஒரு முறையாவது அனுபவிக்க வேண்டும்.

உரக்க வாசிக்க வாஷிங்டன் இர்விங்கின் ஸ்லீப்பி ஹாலோ கதை நல்லது. 1820ல் வெளியானது. நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆற்றங்கரை, அறுவடைக் காலம், விருந்து முடிந்து இரவில் தனியே திரும்பும் பள்ளி ஆசிரியர், தலையில்லாத குதிரைவீரன். ஹாலோவீனைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை, ஆனாலும் ஹாலோவீன் என்றாலே அமெரிக்கர்களுக்கு நினைவுக்கு வரும் கதை இதுதான். தொடக்க வர்ணனை நீளம். பிள்ளைகளுக்கு வாசிக்கும்போது அதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு விருந்துக் காட்சியிலிருந்து வாசியுங்கள். வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் இரண்டு மாலைகளில் முழுதாகவே முடிக்கலாம்.

அப்புறம் நம் கதைகள். முருங்கை மரத்தில் தொங்கும் வேதாளத்தை விக்கிரமாதித்தன் தோளில் சுமந்து வரும் கதைத்தொடர் உரக்கச் சொல்வதற்கென்றே அமைந்தது. இரவுக்கு ஒரு கதை, கடைசியில் ஒரு புதிர். பிள்ளைகள் பதில் சொன்னதும் வேதாளம் மறுபடி மரமேறிவிடும், மிச்சம் நாளைக்கு. இங்கே பிறந்து தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசும் பிள்ளைகளும் அந்தப் புதிருக்காகக் காத்திருப்பார்கள். பெரியவர்களுக்குப் புதுமைப்பித்தனின் காஞ்சனை. பிள்ளைகள் தூங்கிய பிறகு படியுங்கள். டொராண்டோ பொது நூலகத்தின் பல கிளைகளில் தமிழ் நூல்கள் இருக்கின்றன. உங்கள் கிளையில் இல்லாததையும் முன்பதிவு செய்தால் வரவழைத்துத் தருவார்கள். பேய்க்கதைகளுக்கு அக்டோபரில் வரிசை நீளும் என்பதால் செப்டம்பரிலேயே பதிவு செய்துவிடுங்கள்.

கடைசி வாரம்: பூசணி விளக்கு

ஹாலோவீனின் வேர் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருக்கிறது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் எல்லை இரவில் இறந்தவர்களின் ஆவிகள் உலவும் என்று நம்பினார்கள். நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குப் புனிதர் அனைவரின் திருநாள் ஆனதும் அதன் முந்தைய இரவு ஹாலோவீன் ஆயிற்று. அங்கே முதலில் குடைந்தது டர்னிப் கிழங்கை. வட அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களுக்கு இங்கே விளையும் பூசணி கிடைத்தது, குடைவதற்கு அதுதான் எளிது. தீயது அண்டாமல் இருக்க வாசலில் கோர முகம் வைக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. புது வீட்டு வாசலில் கண்ணை உருட்டி மீசை முறுக்கும் திருஷ்டிப் பூசணியைத் தெரிந்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வாங்கும்போது காம்பு பச்சையாக, உறுதியாக இருக்கிறதா, அடி தட்டையாக உட்காருகிறதா, எங்கும் விரல் அமுங்கவில்லையா என்று பாருங்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒடிந்த இடத்தில் அழுகல் தொடங்கும். வெட்டாத பூசணி குளிர்ந்த இடத்தில் ஒரு மாதம்கூட இருக்கும். வெட்டியது நாலைந்து நாள்தான். ஆகவே அக்டோபர் 29 அல்லது 30 அன்று செதுக்குங்கள்.

1. வழக்கமாக எல்லோரும் மேலே மூடி வெட்டுவார்கள். நான் அடியில் வெட்டச் சொல்வேன். காம்புப் பகுதி முழுதாக இருந்தால் பூசணி சீக்கிரம் தொய்ந்துபோகாது, விளக்கின் மேல் அப்படியே கவிழ்த்துவிடவும் வசதி. மேலேதான் வேண்டும் என்றால் கத்தியை உள்நோக்கிச் சாய்த்து வெட்டுங்கள், மூடி உள்ளே விழாது.

2. உலோகக் கரண்டியால் விதையையும் நாரையும் சுரண்டி எடுங்கள். விதையைத் தனியே வையுங்கள். முகம் வரப்போகும் பக்கத்தின் உட்சுவரை இரண்டரை சென்டிமீட்டர் தடிமன் வரும்வரை மேலும் சுரண்டுங்கள். இந்த வேலையில் அவசரப்பட்டால் பிறகு வெட்டவே முடியாது, வெளிச்சமும் கசியாது.

3. முகத்தைத் தாளில் வரைந்து, பூசணியில் ஒட்டி, கோட்டின் மேல் ஆணியால் நெருக்கமாகக் குத்திக்கொண்டே போங்கள். தாளை எடுத்ததும் புள்ளிக் கோடு தெரியும். மங்கலாக இருந்தால் கொஞ்சம் மாவைத் தடவினால் பளிச்சென்று தெரியும்.

4. சமையல் கத்தி வேண்டாம், அது வழுக்கும். கடைகளில் பூசணி செதுக்கவென்றே விற்கும் சிறு ரம்பத்தால் மெல்ல முன்னும் பின்னும் அறுங்கள். சிறு துளைகளை முதலிலும், வாய் போன்ற பெரிய பகுதியைக் கடைசியிலும் வெட்டுங்கள். வெட்டிய துண்டை வெளியிலிருந்து உள்ளே தள்ளாமல், உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள்.

5. வெட்டிய ஓரங்களிலும் உட்புறத்திலும் வாஸலின் களிம்பு தடவினால் ஈரம் வற்றாமல் இருக்கும். உள்ளே பேட்டரி விளக்கு வையுங்கள். மெழுகுவர்த்தி பூசணியை உள்ளிருந்து வேகவைத்துவிடும், நீண்ட உடையணிந்த பிள்ளைகள் நெருங்கும்போது ஆபத்தும்கூட.

மறுநாள் சுருங்கியிருந்தால் குளிர்ந்த தண்ணீரில் சில மணி நேரம் மூழ்கவைத்து எடுங்கள், ஓரளவு நிமிர்ந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குக் கத்தியே வேண்டாம், வெட்டாத பூசணியில் வண்ணம் தீட்டக் கொடுங்கள்.

எடுத்து வைத்த விதையைக் கழுவி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வடித்துத் துணியில் நன்றாக உலர்த்துங்கள். இப்படிக் கொதிக்கவைப்பதால் உப்பு உள்ளே இறங்கும், வறுத்தால் மொறுமொறுப்பும் கூடும். ஒரு கப் விதைக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய், மிளகாய்த் தூள், பெருங்காயம், கிள்ளிய கறிவேப்பிலை கலந்து 325 டிகிரி பாரன்ஹீட்டில் 20 முதல் 25 நிமிடம், நடுவே ஒரு முறை கிளறி வறுத்தெடுங்கள். கறிவேப்பிலையைக் கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்த்தால் கருகாது. செதுக்கும் பெரிய பூசணியின் சதை நீர்த்து, நாரோடிப் போயிருக்கும். சூப்புக்கும் அல்வாவுக்கும் சுகர் பம்ப்கின் என்று விற்கும் சின்னதை வாங்குங்கள். இரண்டாகப் பிளந்து கவிழ்த்து வைத்து, 400 டிகிரி பாரன்ஹீட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுட்டால் கரண்டியால் வழித்தெடுக்கலாம்.

ஹாலோவீன் இனிப்பு

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாசலுக்கு வரும் தெரியாத பிள்ளைகளுக்கு வீட்டில் செய்ததைக் கொடுக்காதீர்கள். பெற்றோர் அதைத் தின்ன விடமாட்டார்கள், அது நியாயமும்தான். அவர்களுக்கு உறையிட்ட மிட்டாய். கீழே உள்ளவை வீட்டாருக்கும் நண்பர்களுக்கும்.

கேரமல் ஆப்பிளுக்கு, புளிப்பும் உறுதியும் உள்ள சிறிய கிரானி ஸ்மித் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். கடை ஆப்பிளில் மெழுகுப் பூச்சு இருக்கும், அதன்மேல் கேரமல் ஒட்டாமல் வழிந்துவிடும். கொதிக்கும் தண்ணீரில் சில நொடிகள் முக்கி, துணியால் அழுத்தித் துடைத்து, ஈரமே இல்லாமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டுக் குச்சி செருகுங்கள். அடிகனமான பாத்திரத்தில் ஒரு கப் வெண்ணெய், இரண்டு கப் பிரவுன் சுகர், ஒரு கப் கார்ன் சிரப், ஒரு டப்பா கண்டென்ஸ்டு மில்க் சேர்த்து, மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். வெப்பமானியில் 245 டிகிரி பாரன்ஹீட், அதாவது 118 செல்சியஸ் வந்ததும் இறக்குங்கள். வெப்பமானி இல்லையா? நம் பாகுப் பதமே போதும். அதிரசத்துக்கு எடுப்பதைவிடச் சற்று முற்றி, கடலை மிட்டாய்ப் பாகுக்கு முன்னால் நிற்கிற பதம். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருட்ட வரும், அழுத்தினால் மெல்ல நசுங்கும், நொறுங்காது. பொங்குவது கொஞ்சம் அடங்கியதும் ஆப்பிளைச் சாய்த்துச் சுழற்றி முக்கி, வெண்ணெய் தடவிய பேக்கிங் தாளில் நிறுத்துங்கள். சூடான பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், இந்த வேலை பெரியவர்களுடையது. வறுத்த வேர்க்கடலை தூவுவது மட்டும் பிள்ளைகளுக்கு.

செய்த ஆப்பிளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நாளைக்குள் தின்றுவிடுங்கள். 2014ல் அமெரிக்காவில் விற்ற கேரமல் ஆப்பிள்களால் லிஸ்டீரியா என்ற கிருமியின் தொற்று பரவி உயிர்கள் போயின. குச்சி குத்திய காயத்தில் கசியும் சாறு ஆப்பிளுக்கும் கேரமலுக்கும் நடுவே தேங்கி, வெளியே வைத்தால் கிருமி பெருக இடமாகிறது. அதனால் மேசையில் அழகுக்காக அடுக்கி வைக்க வேண்டாம்.

என் கணக்கில் இதைவிட நல்ல பலகாரம் அயர்லாந்தின் பார்ம்பிராக். ஹாலோவீன் பிறந்த ஊரின் உலர்பழ ரொட்டி அது. முந்தைய இரவே 350 கிராம் உலர் திராட்சையை 300 மில்லிலிட்டர் கடுந்தேநீரில் ஊறப்போடுங்கள். நம் வீட்டுச் சிலோன் தேநீரை இன்னும் கடுமையாகப் போட்டால் சரியாக இருக்கும், பால் கூடாது. காலையில் அதோடு 125 கிராம் பிரவுன் சுகர், அடித்த முட்டை ஒன்று, முன்பு கலந்து வைத்த மசாலாத் தூள் ஒரு தேக்கரண்டி, 225 கிராம் மைதா, இரண்டரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கட்டியில்லாமல் கலந்து, ரொட்டி அச்சில் ஊற்றி, 340 டிகிரி பாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம் சுடுங்கள். குச்சி குத்திப் பார்த்தால் ஒட்டக் கூடாது. வெண்ணெய் மாவில் இல்லை, வெட்டிய துண்டின்மேல் தாராளமாகத் தடவ வேண்டும். சுட்ட அன்றைவிட மறுநாள் ருசி.

பார்ம்பிராக்குக்குள் மோதிரம் ஒன்றை வைத்துச் சுடுவது வழக்கம். அது யார் துண்டில் வருகிறதோ அவருக்கு ஒரு வருடத்துக்குள் கல்யாணம் என்பார்கள். வைப்பதானால் பேக்கிங் தாளில் பெரிய பொட்டலமாகச் சுற்றி, எல்லோருக்கும் சொல்லிவிட்டு வையுங்கள். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மோதிரம் வேண்டாம்.

31 இரவும் மறுநாளும்

வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வராதே. தெருவுக்குத் தெரிந்த மொழி இது. மிட்டாய் தீர்ந்ததும் விளக்கை அணைத்துவிட்டால் போதும். உடையை ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், உள்ளே ஜாக்கெட் போட இடம் வேண்டும். இரவில் வெப்பநிலை ஐந்து டிகிரி செல்சியஸுக்குக் கீழேயும் போகும். முகமூடியைவிட முகச்சாயம் நல்லது, பிள்ளைக்குக் கண் நன்றாகத் தெரியும். வாசலில் நீலப்பச்சைப் பூசணி வைத்திருந்தால் அந்த வீட்டில் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு உணவல்லாத பரிசு உண்டு என்று அர்த்தம். நீங்களும் சில பென்சில், ஸ்டிக்கர் வாங்கி ஒன்று வைக்கலாம். சில ஆண்டுகளில் தீபாவளியும் ஒட்டி வரும், 2024ல் இரண்டும் அக்டோபர் 31 அன்றே வந்தன. அப்படி வரும் ஆண்டில் பூசணிக்குப் பக்கத்தில் அகல்விளக்கை வைக்கும்போது, வருகிற பிள்ளைகளின் கால் படாத உயரத்தில் வையுங்கள்.

டொராண்டோவில் இருப்பவர்கள் நவம்பர் 1 மாலை சோராரன் பூங்காவுக்குப் போகலாம். சுற்றுவட்டாரத்தார் தங்கள் பூசணி விளக்குகளைத் தூக்கி வந்து வரிசையாக ஏற்றி வைப்பார்கள். உங்களுடையதையும் கொண்டு போங்கள். மற்ற இடங்களில் இருப்பவர்கள் விளக்கையும் மெழுகையும் எடுத்துவிட்டு, பூசணியை உடைத்துத் தோட்டத்து உரக்குழியிலோ உங்கள் நகராட்சி சொல்லும் உணவுக் கழிவுத் தொட்டியிலோ போடுங்கள். வண்ணம் பூசியது உரத்துக்கு ஆகாது. மிச்சமிருக்கும் நார்தன் ஸ்பை ஆப்பிள்களைக் காயம்பட்டவை, நல்லவை என்று பிரித்து, நல்லவற்றை ஓட்டை போட்ட பையில் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். கிறிஸ்துமஸ் பண்டிகைக் காலம் வரை தாங்கும், அதற்குள் இன்னொரு தட்டு கிரிஸ்ப் செய்துவிடலாம்.